காலையில் முரண்டு பிடித்த பிக்கப்பும் லிந்தாங் சாலை டீசல் பட்டறையும்

என் வண்டி 2002-இல் பதிவான மிட்சுபிஷி எல்200 பிக்கப். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் நாலரை ஏக்கர் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வெட்டும் குலைகளை வாங்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், திரும்பும்போது உரமூட்டைகளை ஏற்றி வருவதும் அதன் வேலை. கடந்த ஆண்டில் பாதிக்கு மேல், காலை ஆறரை மணிக்கு அதைக் கிளப்புவதே எங்கள் வீட்டில் ஒரு போராட்டமாக இருந்தது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. பத்து விநாடி சுற்றி, நிறுத்தி, மறுபடியும் சுற்றி, நான்காவது ஐந்தாவது முயற்சியில் ஒரு சிலிண்டர் மட்டும் இருமும், பிறகு இரண்டு, அதன் பின் வண்டியே குலுங்க, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பாதித் தெருவை மறைக்கும் வெண்புகையோடு ஓடத் தொடங்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று மாலை வரை அதன்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. எத்தனை முறை அணைத்தாலும் தொட்டவுடன் கிளம்பும்.

இந்தக் கோளாற்றை லிந்தாங் போகும் சாலையோரம் இருக்கும் ஒரு சிறிய டீசல் பட்டறையில் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அந்தப் பட்டறையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட வேண்டாமென்று முதலாளி கேட்டுக்கொண்டார். இருக்கும் வேலையே கைக்கு மிஞ்சி நிற்கிறது என்பது அவர் சொன்ன காரணம். பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் தோட்டத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

அங்கே போவதற்கு முன் நான் வேறு இரண்டு இடங்களுக்குப் போயிருந்தேன். முதல் இடத்தில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஸ்டார்ட்டரைக் கழற்றி, புதுப்பித்த வேறொன்றை மாட்டினார்கள். இரண்டாவது இடத்தில், கிளப்பும் நேரத்தில் இயந்திரத்தின் உள்ளே சூடேற்றும் குளோ பிளக்குகள் நான்கையும் புதிதாகப் போட்டார்கள்; அதற்கும் அடங்காதபோது, டீசல் பம்ப் போய்விட்டது, பிரித்துப் புதுப்பிக்க 1,800 ரிங்கிட் ஆகும் என்றார்கள். அதற்குள் என் கையை விட்டுப் போன பணம் ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது. காலைப் போராட்டமோ அப்படியே இருந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சாமானாக மாற்றி, எதில் சரியாகிறது என்று பார்ப்பது அவர்கள் பழக்கம். அந்தப் பழக்கத்தின் செலவு முழுவதும் வண்டிக்காரன் தலையில் விழுகிறது என்பதுதான் என் வருத்தம்.

லிந்தாங் சாலைப் பட்டறையில் முதல் நாள் வண்டியின் முன்மூடியைக்கூடத் திறக்கவில்லை. முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்விகளிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. குளிர்ந்திருக்கும்போது மட்டும் அடம்பிடிக்கிறதா, சூடாக இருக்கும்போதுமா? சுற்றும்போது புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? கோளாறு ஒரே நாளில் வந்ததா, மெல்ல மெல்ல வளர்ந்ததா? டாங்கியில் வழக்கமாக எவ்வளவு டீசல் வைத்திருப்பீர்கள்? கடைசியாக அவர் கேட்டது எனக்குப் புதிராக இருந்தது.

“அண்ணே, ராத்திரி வண்டியை எப்படி நிறுத்துவீங்க? மூக்கு மேட்டைப் பார்த்தா, பள்ளத்தைப் பார்த்தா?”

எங்கள் வீட்டு வாசல் சரிவானது. வண்டியை ஏற்றி நிறுத்தினால் அதன் மூக்கு மேல்நோக்கி இருக்கும். அப்போதுதான் எனக்கே ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போய் ஓரிரவு தங்கியபோது, வண்டியைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலையில் அது இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அதை அம்மன் அருள் என்றே எடுத்துக்கொண்டேன். முதலாளி அதைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகச் சொன்னார். குளிர்ந்த வண்டியைத்தான் பார்ப்பேன், ஓட்டிவந்த சூட்டில் பார்த்தால் அது நல்ல பிள்ளையாக நடிக்கும் என்றார். இடம் காலியாவதற்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நான்காம் நாள் காலை ஏழரை மணிக்கு என்னையும் கூட இருக்கச் சொன்னார். இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: சோதனைகளை அவர் வண்டிக்காரன் கண்ணெதிரே, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிக்கொண்டே செய்கிறார். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10.4 வோல்ட். சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் பேட்டரியையோ கேபிளையோ சந்தேகப்பட வேண்டும் என்றார். மைனஸ் கேபிளின் ஒரு முனையிலிருந்து இயந்திர உடல் வரை எவ்வளவு வோல்ட் இழப்பு என்றும் அளந்தார். அதுவும் கால் வோல்ட்டுக்கு உள்ளேயே இருந்தது. இயந்திரம் வேகமாகவே சுற்றுகிறது என்பது இந்த இரண்டு நிமிட வேலையில் உறுதியானது. நான் முன்பு வாங்கிய பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் தேவை இருந்ததா என்று கேட்டேன். பழையவை கையில் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்றார். அடுத்த கடைக்காரரைக் குறை சொல்லித் தன் கடையை உயர்த்திக்கொள்ளாத அந்தப் பேச்சும் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து, கடைப் பையனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு என்னைப் பின்னால் அழைத்துப்போய்ப் புகைக்குழாயைக் காட்டினார். முதல் ஆறேழு விநாடிகளுக்குப் புகையே இல்லை. பிறகு மெல்லியதாக வெண்புகை கசிந்தது. பிறகு அது அடர்ந்தது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறும் காற்றில் டீசல் தூறலாகப் பாய்ந்து தானாகவே பற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே, புகையே இல்லாமல் சுற்றினால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை என்று பொருள்; வெண்புகையோடு சுற்றினால் டீசல் வருகிறது, ஆனால் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது என்று பொருள். என் வண்டி முதலில் அதையும் பிறகு இதையும் செய்தது.

“ஒரு நோய் இல்லைண்ணே, ரெண்டு இருக்கு போல.”

இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்ததால்தான், முன்பு எதை மாற்றியும் பலன் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாவியைத் திருப்பும்போது பம்பின் மேல் இருக்கும் நிறுத்து சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) ‘டிக்’கென்று திறக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார், திறந்தது. வால்வுகளையும் பம்பையும் இயந்திரத்தோடு ஒரே கணக்கில் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்றும் பார்த்துவிட்டார். இந்த இயந்திரத்தில் பெல்ட் ஒரு பல் நழுவினாலும் இதே மாதிரிக் காலைக் கோளாறு வரும் என்பதால். இவை இரண்டும் சரியாக இருந்தன.

அதன் பிறகு செய்த சோதனையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன், அது அவ்வளவு எளிமையானது. டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் இருந்த கறுப்பு ரப்பர்க் குழாயைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள ஒரு கண்ணாடிபோல் தெளிந்த குழாயை மாட்டினார். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் குழாயை நிரப்பினார். வெளிர் மஞ்சளாக டீசல் ஏறி நின்றது. ஒரு குமிழி இல்லை. உடனே சாவியைத் திருப்பியபோது, குலுங்கியும் புகைந்தும்தான் என்றாலும், வண்டி மூன்றே விநாடியில் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டு, அதே குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நான் நின்றேன். பத்து நிமிடம் வரை ஒன்றுமில்லை. அதன் பின் குழாயின் உயர்ந்த வளைவில் கடுகளவு ஒரு குமிழி வந்து உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு மிளகளவு ஆயின. அரை மணி நேரத்தில் அந்த வளைவு முழுவதும் காற்று. டீசல் இரண்டு பக்கமும் கீழே வடிந்து நின்றது. ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகவில்லை, தரை காய்ந்தே கிடந்தது. மாதக்கணக்காக இரவெல்லாம் என் வாசலில் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

டீசல் வெளியே ஒழுகாமல் காற்று மட்டும் எப்படி உள்ளே வரும் என்று கேட்டேன். இந்த வண்டியில் டாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் தனிப் பம்ப் கிடையாது. இயந்திரத்தோடு இருக்கும் பம்பே தன் உள்ளிருக்கும் இறக்கைகளால் டாங்கியிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஆகவே டாங்கி முதல் பம்ப் வரையிலான பாதையில் இருப்பது தள்ளும் அழுத்தமல்ல, இழுக்கும் வெற்றிடம். அதில் ஓர் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும்; வண்டியை நிறுத்தியபின் அந்தக் காற்று நுழைந்த அளவுக்கு டீசல் தன் எடையால் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடும். டாங்கி பின்னால், தாழ்வாக இருக்கிறது. மூக்கை மேட்டில் வைத்து நிறுத்தினால் அந்த வடிதல் விரைவாகும். அம்மன் கோயில் பள்ளத்தில் வண்டி ஏன் அருள் பெற்றது என்பதும் எனக்கு விளங்கிற்று.

டாங்கியில் எவ்வளவு வைத்திருப்பீர்கள் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததுதான். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபின், எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை கிடைக்கும் வழி இருந்தாலும், நான் டாங்கியை நிரப்புவதை விட்டுவிட்டு ஐம்பது ரிங்கிட், அறுபது ரிங்கிட் என்று அடிக்கத் தொடங்கியிருந்தேன். டாங்கியில் மட்டம் தாழ்ந்தால் பம்ப் இன்னும் ஆழத்திலிருந்து இழுக்க வேண்டும். அப்போது சிறு கசிவும் பெரிதாகிவிடும். என் வண்டி கோளாறு காட்டத் தொடங்கிய மாதங்களும் நான் சிக்கனம் பிடித்த மாதங்களும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கசிவு எங்கே என்று தேடியதில் இரண்டு இடங்கள் அகப்பட்டன. ஒன்று, கைப்பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு. அதை வளைத்துக் காட்டியபோது ஓரத்தில் முடிபோல் விரிசல்கள் தெரிந்தன. மற்றது, டீசலைத் தூறலாகப் பாய்ச்சும் நோசல்களின் தலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ரிட்டர்ன் குழாய்த் துண்டுகள். மேலே துணி பின்னியிருப்பதால் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. கழற்றி இரு விரல்களால் நசுக்கியபோது அப்பளம்போல் நொறுங்கின. நான்கு துண்டுகளும் கடைசி நோசலின் மூடித் தொப்பியும் சேர்த்து 25 ரிங்கிட்.

ரப்பர் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு வயதும் சூடும் போதுமான காரணங்கள். எரிபொருளின் மாற்றத்தையும் அவர் அதோடு சேர்த்துச் சொன்னார். நம் நாட்டில் 2019 முதல் சாதாரண டீசலில் 10 விழுக்காடு பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் கலக்கப்படுகிறது. யூரோ 5 பி7 என்ற தனி வகையில் அது 7 விழுக்காடு. பயோடீசல் சிலவகைப் பழைய ரப்பர்களை ஊதவோ தளரவோ வைக்கும். டாங்கியின் அடியில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். நான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் குலையின் எண்ணெய்தான் சுற்றி வந்து என் டாங்கியில் சேர்கிறது என்பதால் அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு முன் வேறு டீசலுக்காகச் செய்த ரப்பரை அப்படியே விட்டுவைப்பது சரியல்ல என்பது புரிந்தது. புதிய துண்டுகளை, பயோடீசலைத் தாங்கும் வைட்டான் வகை ரப்பரில் போட்டிருக்கிறார். ஃபில்டரையும் மாற்றினார், பழையதன் அடியில் வடித்த டீசலை ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டுக் காட்டியபோது, கீழே ஒரு விரற்கடை தண்ணீர் தனியாக நின்றது.

மறுநாள் காலை மீண்டும் சோதித்தோம். தெளிந்த குழாயில் இரவு முழுவதும் ஒரு குமிழியும் சேரவில்லை. சாவியைத் திருப்பிய முதல் விநாடியிலேயே வெண்புகை வந்தது, அதாவது டீசல் காத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் குலுக்கல் போகவில்லை. முதல் நோய் தீர்ந்து இரண்டாவது நோய் தனியாக வெளியே வந்து நின்றது.

குளோ பிளக்கைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: இது குளிர்நாட்டுக்கான சாமான், நமக்குத் தேவையில்லை என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதுவகை இயந்திரங்களில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாய்வதால் நம் நாட்டு வெப்பத்தில் அந்த எண்ணம் ஓரளவு பலிக்கும். என் வண்டியில் இருக்கும் 4டி56 இயந்திரத்தின் இந்தப் பழைய வகையில் டீசல் முதலில் சிலிண்டர் தலையில் இருக்கும் ஒரு சிறிய சுழல் அறைக்குள் பாய்ந்து அங்கேதான் பற்றுகிறது. 21-க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதம் இருந்தும், அந்த அறையின் குளிர்ந்த சுவர்கள் காற்றின் சூட்டை விழுங்கிவிடுகின்றன. 23 டிகிரி இருக்கும் சாதாரண சுங்கை சிப்புட் விடியலிலும் பிளக் இல்லாமல் அது ஒழுங்காகப் பிடிப்பதில்லை.

ஆனால் என் பிளக்குகள் புதியவை ஆயிற்றே என்றேன். புதியது என்பது சோதனை ஆகாது என்று சொல்லி, கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் மின்னோட்டமானியால் ஒவ்வொன்றையும் அளந்தார். ஒன்றும் நான்கும் 10 ஆம்பியரை ஒட்டி இழுத்தன. இரண்டும் மூன்றும் சுழியம். கழற்றும்போது அவர் காட்டிய பொறுமையைச் சொல்லியே ஆக வேண்டும். துருப்பிடிப்புக்கான எண்ணெயை விட்டு, கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் இறுக்கி, மீண்டும் தளர்த்தி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டார். எரிந்த பிளக்கின் நுனி வீங்கியிருக்கலாம், முரட்டுத்தனமாக இழுத்தால் நுனி ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்துவிடும், அப்புறம் தலையைக் கழற்ற வேண்டியதுதான் என்றார். வெளியே வந்த இரண்டாவது பிளக்கின் நுனி உண்மையிலேயே தீக்குச்சித் தலைபோல் உப்பியிருந்தது.

அதன் உடலில் பொடி எழுத்தில் பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். என் வண்டியில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே முழு 12 வோல்ட்டையும் பிளக்குக்குக் கொடுக்கிறது. மாட்டியிருந்ததோ குறைந்த வோல்ட்டுக்குச் செய்த வகை. வேறு மாதிரி கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் அது சரியாக வேலை செய்யும், நீளமும் மரையும் ஒன்றாக இருப்பதால் இதிலும் பொருந்திவிடும். பொருந்துவதால்தான் ஆபத்து. சில வாரம் வழக்கத்தைவிட வேகமாகச் சிவந்து, பிறகு ஒவ்வொன்றாக எரிந்துபோகும். நான்கையும் சரியான வகையில் மாற்றியபின், வண்டி மூன்றாம் நாள் காலையில் இரண்டு விநாடிக்குள், குலுங்காமல் பிடித்தது. புகைக்குழாயில் கைக்குட்டை அளவு வெண்மை தோன்றி மறைந்தது, அவ்வளவுதான்.

1,800 ரிங்கிட் பம்பைப் பற்றி நானே கேட்டேன். தொட வேண்டிய அவசியமே இல்லை என்றார். உள்ளே தேய்ந்த பம்ப் இதற்கு நேர்மாறாக நடக்கும்: குளிரில் ஓரளவு பிடிக்கும், சூட்டில் அடம்பிடிக்கும், சூடான டீசல் நீர்த்துப்போய்த் தேய்ந்த இடைவெளிகளில் நழுவிவிடுவதால். சந்தேகம் இருந்தால், சூட்டில் பிடிக்காத நேரத்தில் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைத்துப் பார்த்தால் போதும். உடனே பிடித்தால் பம்ப்தான். என் வண்டி சூட்டில் தொட்டவுடன் கிளம்புகிறது என்று முதல் நாளே நான் சொன்ன பதிலிலேயே அவருக்கு இது தெரிந்திருந்தது.

இன்னொன்றும் இங்கே எழுதிவைக்க வேண்டும். போராட்டம் மிஞ்சிய ஒரு காலையில், யாரோ சொன்னார்கள் என்று காற்றுக்குழாயில் ஈதர் ஸ்பிரே அடித்து நான் வண்டியைக் கிளப்பியிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. குளோ பிளக் சிவந்திருக்கும் இயந்திரத்தில் ஈதர் பாய்ந்தால் அது நினைத்த நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனையோ அதன் வளையங்களையோ உடைக்கும்; காற்றுக்குழாயிலேயே தீப்பற்றவும் கூடும். வீட்டில் இருந்த அந்தப் புட்டியை அன்றே அப்புறப்படுத்திவிட்டேன். நீங்கள் யாரேனும் வைத்திருந்தால் தயவுசெய்து அதையே செய்யுங்கள்.

செலவு இவ்வளவு: கோளாறு பார்ப்பதற்கு 60 ரிங்கிட், ரிட்டர்ன் குழாய்த் துண்டுகள் 25, கைப்பம்போடு கூடிய ஃபில்டர் தலை 85, ஃபில்டர் 35, பிளக்குகள் நான்கும் 152, கூலி 120, ஆகமொத்தம் 477 ரிங்கிட். கோளாறு பார்ப்பதற்கென்று தனியாகப் பணம் கேட்கும் பட்டறைகளை நம் ஆட்கள் பலர் விரும்புவதில்லை. சும்மா பார்ப்பதற்கு எதற்குக் காசு என்பார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான். ஆனால் இரண்டு காலைப்பொழுதுகள் ஒருவர் அறிவோடு செலவிட்ட நேரத்துக்கு 60 ரிங்கிட் என்பது, தேவையில்லாத ஒரு சாமானின் விலையைவிடக் குறைவு. இந்தக் கடையில் நான் கொடுத்த தொகையில் மிகவும் பொருளுள்ளது அந்த 60 ரிங்கிட்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறைகளும் உண்டு. வண்டியை எப்போது எடுப்பார்கள் என்று தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். நாமே போய்க் கேட்க வேண்டும். எனக்கு மூன்று நாள் காத்திருப்பும் மூன்று காலைச் சோதனையுமாக வாரம் ஒன்று ஓடிவிட்டது. அந்த வாரம் குலை வெட்டு இருந்திருந்தால் வாடகை லோரிக்குக் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார்கள். பில் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் கையால் எழுதியது. சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து பார்த்துவிடலாம் என்று நான் ஆசைப்பட்டேன். இந்த இயந்திரத்துக்கான இணைப்புக் குழல் தம்மிடம் உடைந்து கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டார். டீசல் பட்டறைக்கு அது இல்லாமலிருப்பது சிறிய குறையல்ல. மேலும், வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் முன்மூடிக்குள் டீசல் வாடை அடித்தது; பார்த்தால் ஒரு குழாயின் கிளிப் சரியாக இறுகவில்லை. கொண்டுபோனவுடன் கடைப் பையன் ஐந்து நிமிடத்தில் இறுக்கிக் கொடுத்துவிட்டு, “சாரி அங்கள், என் தப்பு” என்றான். காசு வாங்கவில்லை. இருந்தாலும் சூடான இயந்திரத்தின்மேல் டீசல் கசிவது விளையாட்டல்ல; முதலாளி கடைசியாக ஒருமுறை தானே பார்த்திருக்க வேண்டும்.

கணினியால் இயங்கும் காமன் ரெயில் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டறை பொருந்தாது. முதலாளியே அவற்றைத் தொடாமல் ஈப்போவுக்குப் போகச் சொல்லிவிடுகிறார். இயந்திரப் பம்ப் உள்ள பழைய பிக்கப், பழைய லோரி, தோட்டத்து டிராக்டர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் போகலாம். போகும்போது, சுற்றும் நேரத்தில் புகை எப்போது தொடங்கியது, வண்டியை எந்தச் சரிவில் நிறுத்தினீர்கள், ஃபில்டரின் கைப்பம்பை அழுத்தியபின் எளிதாகப் பிடித்ததா என்ற மூன்றையும் இரண்டொரு நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போனால் அவருடைய வேலையும் உங்கள் செலவும் குறையும்.

தெளிந்த குழாயை வண்டியிலேயே விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். தினமும் பார்க்கலாம் என்ற ஆசை. டீசலிலும் சூட்டிலும் அது சில வாரத்தில் இறுகி வெடித்துவிடும், சோதனைக்கு மட்டும்தான் என்று சொல்லி, புதிய கறுப்புக் குழாயை மாட்டிக் கொடுத்தார்.

ஏழு மாதம் ஆகிறது. தினமும் ஓட்டும்வரை, மேட்டில் மூக்கை வைத்து நிறுத்தினாலும், டாங்கி கால்வாசியாக இருந்தாலும், மழை விடாமல் பெய்த காலையிலும் முதல் திருப்பலிலேயே பிடித்தது. போன வாரம் தீபாவளிக்கு மகள் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் வண்டி அப்படியே நின்றிருந்தது. திரும்பி வந்து எடுத்தபோது இரண்டாவது முயற்சியில்தான் கிளம்பியது, முதல் மூன்று விநாடிக்குப் புகை இல்லை. போய்ச் சொன்னேன். ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகின் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை காலை ஏழரைக்கு, அது நன்றாகக் குளிர்ந்த பின், தெளிந்த குழாயை மறுபடியும் மாட்டிப் பார்க்கப்போகிறோம்.